கியர்பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால்

பழைய புல்லட்டில் கியர் சரியாக விழவில்லை என்று யாராவது சொன்னால், “வண்டி எத்தனை நாளாக நின்றுகொண்டிருந்தது?” என்றுதான் முதலில் கேட்பேன். சிங்கப்பூரில் இந்தக் கேள்வி முக்கியம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் திட்டத்தில் சேர வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். மீதி நாளெல்லாம் அது பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் உறை போர்த்திக்கொண்டு, நம் ஊர் ஈரக்காற்றில் நிற்கும். கேபிளுக்குள் துரு ஏறும். கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாதிக் கியர் கோளாறுகள் இப்படி நிற்கும்போது பிறக்கின்றன, பழி மட்டும் கியர்பாக்ஸின் மேல் விழுகிறது.

45 நாள் கணக்கில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கோளாறு எங்கே என்று பார்க்க ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாலும் அதுவும் ஒரு நாள். ஆகவே ஓட்டாமலே, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவைத்தே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்று பழகிக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 1970களில் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350. நான்கு வேக ஆல்பியன் கியர்பாக்ஸ். வலது காலால் கியர்: மேலே தூக்கினால் ஒன்று, கீழே மிதிக்க மிதிக்க இரண்டு, மூன்று, நான்கு. பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் பழகிய கால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். அதனால் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. ஆல்பியன் என்பது பர்மிங்ஹாமில் இருந்த கியர்பாக்ஸ் நிறுவனம். இங்கிலாந்தின் ரெடிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்ட் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. ரெடிச் ஆலை 1967இல் மூடிய பிறகும் சென்னையில் அதே கியர்பாக்ஸைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் இன்றைக்கும் சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் தேடினால் இதற்குப் பல்சக்கரம் கிடைக்கிறது. ஊருக்குப் போய்வரும் உறவினர் பெட்டியில் முறுக்குப் பொட்டலத்துக்கு நடுவே கிளட்ச் கேபிளும் வந்து இறங்கும்.

வண்டி கைக்கு வந்த புதிதில் வாய்த்த தொல்லை இது. கிளம்பும்போது கியர் சொன்னபடி விழும். புக்கிட் தீமா சாலையில் நாலைந்து சிவப்பு விளக்குகளில் நின்று, என்ஜின் நன்றாகச் சூடேறியதும் ஆட்டம் தொடங்கும். நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காது. கிளட்ச் லீவரை முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். எப்படியோ நியூட்ரலுக்கு வந்து, மறுபடி ஒன்றுக்குத் தூக்கினால் பக்கத்தில் நிற்கும் டாக்சிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ‘கடக்’ என்று ஒரு சத்தம். இந்த வண்டிகளில் குதிகாலால் மிதிக்கும் சின்ன லீவர் ஒன்று உண்டு, நியூட்ரல் ஃபைண்டர் என்பார்கள். இரண்டிலோ மூன்றிலோ நான்கிலோ இருக்கும்போது அதை மிதித்தால் நேராக நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். ஒன்றாம் கியரிலிருந்து மட்டும் அது வேலை செய்யாது. சூடேறிய பிறகு என் வண்டியில் அதுவும் இறுகி நின்றது.

காட்டிய பட்டறையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியரெல்லாம் தேய்ந்துவிட்டது, முழுக்கப் பிரிக்க வேண்டும், ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்களைப் பதிவிலிருந்து நீக்கினால் 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை என்று 2018இல் அறிவிப்பு வந்தபின் நிறையப் பேர் பழைய வண்டிகளைக் கொடுத்துவிட்டார்கள். நான்கு வேக ஆல்பியனைக் கையில் எடுத்துப் பார்த்த மெக்கானிக் இங்கே அரிது. தெரியாத பெட்டி என்றால் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஓட்டியவர், அப்பர் தாம்சன் சாலையில் 1973 வரை நடந்த கிராண்ட் பிரி பந்தயங்களைச் சாலையோரம் நின்று பார்த்தவர். மாமா என்று கூப்பிடுவேன். பட்டறைக் கதையைச் சொன்னதும் அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை, கிளட்ச் லீவரை ஒருமுறை பிடித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

“கியர்பாக்ஸத் தொடாத தம்பி. மொதல்ல கிளட்ச்சு பிரியுதான்னு பாரு.”

“கிளட்ச் பிடிச்சித்தானே மாமா கியர் போடுறேன்?”

“நீ பிடிக்கிற. அது பிரியணும்ல?”

விஷயம் அவ்வளவுதான். லீவரைப் பிடிக்கும்போது கிளட்ச் தட்டுகள் முழுதாக விலகாமல் கொஞ்சம் உரசிக்கொண்டே இருந்தால், என்ஜினின் இழுப்பு கியர்பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கும். கியர்களின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் முட்டுகளை டாக் என்பார்கள். ஒரு கியரின் டாக் பக்கத்துக் கியரின் டாக்கோடு கோத்துக்கொள்வதுதான் ‘கியர் விழுவது’. அவற்றின் மேல் இழுப்பு இருந்தால் பிரியவும் மாட்டா, சேரவும் மாட்டா. சேர்ந்தால் மோதிச் சத்தம் போடும். நியூட்ரல் கிடைக்காததும், ஒன்றாம் கியரில் ‘கடக்’கென்று விழுவதும், சூடானதும் மோசமாவதும் கிளட்ச்சின் அறிகுறிகள். கியர் தேய்ந்திருந்தால் அறிகுறி வேறு: போட்ட கியர் தானாகக் கழன்று வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமா முதலில் செய்யச் சொன்ன சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. என்ஜினை நிறுத்தி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பிளக் இருந்தால் கம்ப்ரஷன் தடுக்கும், சக்கரம் சுற்றாது. ஒரு கையால் பின்சக்கரத்தை மெதுவாக உருட்டிக்கொண்டே மறு கையால் கியர் லீவரை அசைத்து ஒன்றிலிருந்து நான்கு வரை போய், திரும்பி வர வேண்டும். சக்கரத்தை உருட்டுவது அவசியம். நின்ற நிலையில் டாக்குகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் புத்தம்புது கியர்பாக்ஸிலும் கியர் விழாது. இது தெரியாமல் நிறுத்திவைத்த வண்டியில் லீவரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, கியர் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. காலை விட்டுக் கையால் போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: எங்கே இடிக்கிறது, எங்கே முழுதாக விழாமல் பாதியில் நிற்கிறது என்று பூட்ஸுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

நான்கு கியரும் ஏறி இறங்கின. ஒவ்வொன்றிலும் ‘டக்’ என்று கையில் பட்டது. கியர் விழுவதற்கு உள்ளே தடையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்தது கிளட்ச். வண்டி அதே ஸ்டாண்டில். பிளக்கை மாட்டி, லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். இந்த வண்டிகளில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் என்ஜினுக்குப் போகிறது. கிளட்ச் நன்றாகப் பிரிந்தால் கிக்கர் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கும், என்ஜின் அசையாது. என் வண்டியில் கம்ப்ரஷனின் எதிர்ப்பு காலுக்குத் தெரிந்தது. பிறகு ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்து ஒன்றாம் கியர் போட்டோம். பின்சக்கரம் கொஞ்சம் சுற்றும். எண்ணெயின் பிசுக்கால் வருவது, சகஜம். பின் பிரேக்கை மெல்ல மிதித்தால் சக்கரம் நின்றுவிட வேண்டும், என்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். என் வண்டியில் பிரேக்கை மிதித்ததும் என்ஜின் திணறியது.

இனி லீவரிலிருந்து உள்நோக்கிப் போக வேண்டும். நான் இங்கேதான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

முந்தைய சொந்தக்காரர் அழகுக்காகக் குரோமியக் கிளட்ச் லீவர் மாட்டியிருந்தார். மாமா ஒரு இரும்பு அளவுகோலை எடுத்து, லீவர் சுழலும் ஆணியின் நடுவிலிருந்து கேபிளின் நிப்பிள் (முனையிலுள்ள உலோகக் குமிழ்) உட்காரும் குழியின் நடுவரை அளந்தார். 22 மி.மீ. பழைய பிரிட்டிஷ் பாணி வண்டிகளுக்கு விற்கும் லீவர்களில் பரவலான அளவு இரண்டு: ஏழு-எட்டாம் அங்குலம், அதாவது 22; ஒன்றே ஒன்று-பதினாறாம் அங்குலம், அதாவது 27. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் சின்னது பெரியதைவிடக் கேபிளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இழுக்கும். தட்டுகள் விலகுவதே ஓரிரு மி.மீ. கணக்கு. அதில் ஐந்தில் ஒன்று போனால் மிச்சம் என்ன இருக்கும்? பெரிய லீவரில் பிடி கொஞ்சம் கனக்கும், நெரிசலில் மணிக்கட்டு வலிக்கும். நியூட்ரல் கிடைக்கிறதே, அது போதும்.

லீவரை மாற்றும்போதே கேபிளையும் கழற்றினோம். பிளாஸ்டிக் பையின் மூலையைக் கத்தரித்து, கேபிளின் மேல்முனையைச் சுற்றி ரப்பர் பேண்டால் இறுக்கி, பைக்குள் மெல்லிய எண்ணெய் ஊற்றி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கழியில் தொங்கவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. குளியலறைக் குழாயில் தொங்கியது. மறுநாள் காலை கீழ்முனையில் வைத்த டப்பாவில் சொட்டியிருந்த எண்ணெய் செம்மண் நிறம். துடைத்துவிட்டு நிப்பிளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், அதன் கழுத்தில் இரண்டு இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. இப்படி அறுபடத் தொடங்கிய கேபிள் இழுக்க இழுக்க நீளும். காலையில் வைத்த அட்ஜஸ்ட்மென்ட் மாலையில் இருக்காது. புதுக் கேபிள் போட்டாயிற்று. போடும்போது ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கும் இழுபடுகிறதா, டேங்குக்கு அடியில் நசுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்ஜஸ்ட் செய்வதில் வரிசை முக்கியம். பெரும்பாலோர் ஹேண்டில்பாரில் இருக்கும் திருகை மட்டும் திருகிவிட்டு விட்டுவிடுகிறார்கள். கியர்பாக்ஸின் வலப்பக்க மூடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால், லாக் நட்டோடு ஒரு திருகு இருக்கும். கிளட்ச்சைத் தள்ளும் கம்பியின் முனை அங்கேதான். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நடுத் துளை வழியாக அந்தக் கம்பி வலமிருந்து இடம் போய் அழுத்தத் தட்டைத் தள்ளுகிறது. முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்த வேண்டும். பிறகு அந்தத் திருகைக் கம்பியில் படும்வரை திருகி, அரைச் சுற்று பின்வாங்கி, நட்டை இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் கேபிள். லீவரில் 2 அல்லது 3 மி.மீ. தளர்வு இருந்தால் போதும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால், உள்ளே கம்பியைத் தள்ளும் கை தவறான கோணத்தில் நின்றுவிடும். லீவர் முழுக்க வந்தாலும் கம்பி பாதிதான் நகரும்.

சூடானால் ஏன் மோசமாகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. சூட்டில் கிளட்ச் தட்டுகள் கொஞ்சம் பருக்கும். அலுமினியப் பெட்டி இரும்புக் கம்பியைவிட அதிகமாக விரியும். இரண்டும் சேர்ந்து கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கூட்டும். குளிரில் எல்லையோரத்தில் இருந்த அட்ஜஸ்ட்மென்ட் சூட்டில் எல்லையைத் தாண்டிவிடும். சிவப்பு விளக்கில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே நிற்பது தட்டுகளை இன்னும் சூடாக்கும். அதனால் இப்போதெல்லாம் விளக்கை நெருங்கி வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறேன். சக்கரம் சுழலும்போது டாக்குகள் சுலபமாகப் பிரியும்.

லீவர், கேபிள், திருகு மூன்றும் சரியானதும் முக்கால் தொல்லை போயிற்று. மீதிக் கால் பங்குக்காக, கிளட்ச்சை மூடியிருக்கும் பிரைமரி மூடியைக் கழற்றித் தட்டுகளை எடுத்தோம். பார்க்க வேண்டியவை இரண்டு. இரும்புத் தட்டுகள் நெளிந்திருக்கின்றனவா என்று கண்ணாடி மேல் படுக்கவைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பார்க்கலாம். சாப்பாட்டு மேசைக் கண்ணாடி இதற்கு அருமையான கருவி. இரண்டாவது, தட்டுகளின் காதுகள் உட்காரும் டிரம்மின் பிளவுகள். அந்த ஓரங்களில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் வழவழவென்று போக வேண்டும். என்னுடையதில் நகம் படிப்படியாகத் தட்டியது. ஆண்டுக்கணக்கில் தட்டுகள் இடித்து இடித்துக் குழி போட்டிருந்தன. கிளட்ச் பிரியும்போது தட்டுகள் இந்தக் குழிகளில் மாட்டிக்கொண்டு நகராது. தட்டையான அரத்தால் படிகள் மறையும்வரை மட்டும் லேசாக ராவினால் போதும். ஆழமாக ராவினால் தட்டு ஆடத் தொடங்கும், டிரம்மே மாற்ற வேண்டிவரும். பி.எஸ்.ஏ., டிரையம்ப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வேலை கூடுதல்: லீவரைப் பிடித்துக் கிக்கரை அமுக்கும்போது அழுத்தத் தட்டு கோணாமல் நேராகச் சுற்றுகிறதா பார்த்து, ஸ்பிரிங் நட்டுகளை அதற்கேற்பத் திருக வேண்டும்.

நாள் கணக்காக நின்ற வண்டியை எடுக்கும்போது ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஓரிரு முறை அமுக்கிவிடுங்கள். ஒட்டிக்கிடக்கும் தட்டுகள் ‘சொத்’தென்று விடுபடுவது காலுக்கே தெரியும். இதைச் செய்யாமல் ஒன்றாம் கியர் போட்டால் வண்டி துள்ளி அணையும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கு ஒரு மதம். இந்தக் கியர்பாக்ஸில் நல்ல சீல் கிடையாது என்பதால் கிரீஸும் எண்ணெயும் கலந்து போடுவது பழைய வழக்கம். கிரீஸ் அதிகமானால் சுழலும் பற்கள் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும், அது திரும்பி வராது. பற்கள் காய்ந்து ஓடும், கியரும் முரண்டு பிடிக்கும். வெறும் எண்ணெய் ஊற்றினால் கியர் நன்றாக விழும், தரையிலும் கொஞ்சம் விழும். நான் 90 எண் கியர் எண்ணெய்தான் ஊற்றுகிறேன், கீழே ஓர் அட்டை விரித்துவைக்கிறேன். டின்னில் ஜி.எல்.-4 என்ற தரக்குறி இருக்கிறதா பார்த்து வாங்குவேன். ஜி.எல்.-5 எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் வெண்கலத்தை அரிக்கக்கூடியவை. இந்தக் கியர்பாக்ஸில் வெண்கல புஷ்கள், அதாவது சுழலும் பாகங்களைத் தாங்கும் வளையங்கள், இருக்கின்றன.

வடித்த எண்ணெயை அப்படியே கொட்டிவிடாதீர்கள். விரல்களுக்கு நடுவே தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பான தேய்மானம். தங்கத்தூள் மின்னினால் வெண்கல புஷ் கரைகிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழையைவிட, வண்டி கழுவும் குழாய்தான் பெரும்பாலும் காரணம். நகம் அளவுக்குத் துண்டு கிடைத்தால் இனி ஓட்டவே கூடாது.

கிளட்ச் சரியான பிறகு இன்னொரு கோளாறு தலைகாட்டியது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மிதிக்கும்போது சில சமயம் கியர் எதிலும் விழாமல் நடுவில் நின்றுவிடும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் என்ஜின் மட்டும் கத்தும். இதைப் பொய் நியூட்ரல் என்பார்கள். இந்தக் கியர்பாக்ஸின் பிறவிக் குணம் இது என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். பாதி உண்மை. அவசரமாக மிதித்தால் வரும். லீவரை முழுக்க மிதித்து, கியர் விழுந்தது காலுக்குத் தெரிந்த பிறகு கிளட்ச்சை விட்டால் வராது. அப்படி நிதானமாக மிதித்தும் வந்தால் அட்ஜஸ்ட்மென்டைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் வெளியே பாருங்கள். கியர் லீவர் ஷாஃப்டில் மாட்டும் இடத்தில் பற்கள் மழுங்கி வழுக்குகிறதா? லீவர் கீழே போகும்போது ஃபுட்ரெஸ்டிலோ மூடியிலோ இடித்துப் பாதியில் நிற்கிறதா? நண்பர் ஒருவரின் வண்டியில் தடித்த புது ரப்பர் போட்டதுதான் கோளாறு. லீவரின் அடிப்பாகம் ஃபுட்ரெஸ்டில் முட்டியது. ஒரு பல் மேலே ஏற்றி மாட்டியதோடு தீர்ந்தது. மிதித்த லீவர் நடுவுக்குத் திரும்பி வராமல் தொங்கினால் உள்ளே திருப்பு ஸ்பிரிங் உடைந்திருக்கும்; அது வெளிமூடிக்குள்ளேயே இருப்பதால் கியர்களைத் தொடாமல் மாற்றிவிடலாம்.

இதெல்லாம் சரி என்றால், லீவரின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கியராக நகர்த்தும் ராட்செட்டுக்குப் பக்கத்தில் நட்டுகளைத் தளர்த்தினால் நகரக்கூடிய ஒரு தட்டு இருக்கும். அதுதான் எல்லையைத் தீர்மானிப்பது. இரண்டாம் கியரில் வைத்து, லீவரை விரலால் மேலேயும் கீழேயும் அசைத்து, ராட்செட் பிடிக்கும்வரை எவ்வளவு சும்மா போகிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கீழே அதிகம் சும்மா போனால் மேல் கியர்களுக்குப் போகும்போது தள்ளு போதாமல் பொய் நியூட்ரல் வரும். மேலே அதிகம் போனால் இறக்கும்போது வரும். தட்டை மயிரிழை நகர்த்தி, இறுக்கி, மறுபடி அசைத்துப் பார்க்க வேண்டும். நகர்த்துவதற்கு முன் தட்டின் ஓரத்தில் ஊசியால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள், எங்கிருந்து தொடங்கினோம் என்று தெரியும். மாமாவுக்கு இதில் அசாத்தியப் பொறுமை. இரண்டு கோப்பி ஆறிப்போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு லீவரையே அசைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தட்டுக்கும் அடங்காத கோளாறு ஒன்று பின்னால் வந்தது. மூன்றாம் கியரில் லிம் சூ காங் பக்கம் ஏற்றத்தில் இழுக்கும்போது கியர் தானாகக் கழன்று வெளியே வந்தது. முன்னால் சொன்ன வேறு அறிகுறி இதுதான். இதற்கும் ஒரு சோதனை உண்டு: அந்தக் கியரில் போகும்போது லீவரைக் காலால் கொஞ்சநேரம் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் நிற்கிறது என்றால், கியரை அதன் இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங் முளை தளர்ந்திருக்கலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி, உள்ளே கியரை மாற்றும் தட்டிலுள்ள காடியில் விழுந்து பிடிப்பது அது. காலை அமுக்கியும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு கழன்றால் டாக் மழுங்கியிருக்கிறது, அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கிறது. ரொம்ப நேரம் அமுக்கிக்கொண்டே ஓட்டாதீர்கள், ஃபோர்க் தேயும். என் வண்டியில் காலையே தள்ளியது. அப்போதுதான், அப்போது மட்டும்தான், மாமா திறக்கலாம் என்றார்.

புல்லட்டின் கியர்பாக்ஸ் என்ஜினின் முதுகில் போல்ட் போட்டு நிற்கிறது. முழுப் பெட்டியையும் இறக்கத் தேவையில்லை. இடப்பக்கம் கிளட்ச்சைக் கழற்றிவிட்டு, வலப்பக்கம் வெளிமூடி, உள்மூடி இரண்டையும் எடுத்தால் ஷாஃப்டும் பல்சக்கரங்களும் வலப்பக்கமாகவே வெளியே வரும். கழற்றக் கழற்ற ஒவ்வொரு வாஷரையும் வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்துவையுங்கள். கைபேசியில் படம் எடுத்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் எந்த முகம் என்று படத்தில் தெரியாது.

மூன்றாம் கியரைக் கையில் எடுத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. டாக்கின் ஒரு பக்கம் விளிம்பு கூராக, தொழிற்சாலையில் வெட்டியபடி இருந்தது. இழுப்பைத் தாங்கும் மறுபக்கம் பளபளவென்று உருண்டு, விரல் வழுக்கியது. அந்தச் சரிவில் ஏறித்தான் கியர் வெளியே வந்துகொண்டிருந்தது. ஃபோர்க்கின் ஒரு கொம்பு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இரண்டும் புதுப்பேட்டையிலிருந்து வந்தன. கியரை ஒற்றையாக மாற்றாதீர்கள். அதோடு கோத்துக்கொள்ளும் ஜோடியின் டாக்கும் உருண்டிருந்தால் புதியதையும் சீக்கிரமே உருட்டிவிடும். முளை ஸ்பிரிங்கையும் அதே கையோடு மாற்றிவிட்டோம், விலை சில்லறைதான்.

மூடுவதற்கு முன் பேரிங், புஷ் எதைப் பார்ப்பது என்று திகைக்க வேண்டாம்; ஓட்டும்போது காதில் விழுந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நான்காம் கியரில் விசை முதன்மைத் தண்டான மெயின் ஷாஃப்டில் நேராகப் போய்விடும், அதற்கு இணையாக ஓடும் லே ஷாஃப்டுக்குச் சுமை இல்லை. ஒன்று, இரண்டு, மூன்றில் சத்தம் இருந்து நான்கில் அடங்கினால் சந்தேகம் லே ஷாஃப்ட் பக்கம். நான்கிலும் தொடர்ந்தால் மெயின் ஷாஃப்ட் பேரிங், அந்த ஷாஃப்டின் மேல் உறைபோல் சுழலும் ஸ்லீவ் கியர் பக்கம் பாருங்கள். சங்கிலி இறுக்கமாக இருந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் முதலில் அதைத் தளர்த்திப் பார்த்துவிடுவது நல்லது.

புதுக் கியர் போட்டபின் ஊற்றிய முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடித்துவிட்டேன். புதுப் பற்கள் பழகும்போது உதிரும் தூள் அதில்தான் இருக்கும். மூன்று இப்போது எந்த ஏற்றத்திலும் கழல்வதில்லை. இரண்டாம் கியரில் மட்டும் மெல்லிய ஊளை ஒன்று கேட்கிறது. திறந்திருந்தபோது அதன் டாக்கைப் பார்த்தேன், விளிம்பு கூராகவே இருந்தது. வடித்த எண்ணெயிலும் தங்கத்தூள் இல்லை. அதனால் அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த முறை கிளட்ச்சைக் கழற்றும் வேலை வரும்போது அதன் புஷ்ஷையும் மாற்றிவிடலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.